முப்பது நாள் காணாமல் போன பிரஷ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன காகிதத்தில் என்று நீ நினைப்பாய். போனில் நான் ‘அது வந்து பாப்பா’ என்று ஆரம்பிப்பதற்குள் கவின் வந்து பிடுங்கிக்கொள்கிறான், இல்லாவிட்டால் உன் குக்கர் விசில் அடிக்கிறது, இல்லாவிட்டால் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பதினைந்து நிமிடம் உன் முகத்தைப் பார்ப்பதே எனக்குப் பெரிது. ஆனால் இப்போது சொல்ல வேண்டியது பதினைந்து நிமிடத்தில் அடங்காது. அதோடு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லும் தைரியம் எனக்கு நாலு வருஷமாக வரவில்லை. அதனால்தான் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து, காலையிலிருந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இது ஐந்தாவது.

போன ஞாயிறு நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். கவின் போனுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு, “தாத்தா, அம்மா வயித்துக்குள்ள இருக்கற பாப்பா பல்லு வெளக்குமா?” என்று கேட்டான். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். சிரிப்பு வந்த அதே வேகத்தில் உன் இடது கை வாய்க்குப் போனது. கட்டின பல் இருக்கிறது, பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் கை போகிறது. அப்புறம் நீயே சொன்னாய், ஐந்து மாதம் ஆகிறது, ஒரு மாதமாகப் பல் விளக்கினால் எச்சிலோடு ரத்தம் வருகிறது, வருகிற பக்கத்தை விளக்குவதையே விட்டுவிட்டேன் என்று. காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னாய். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

“வயித்துல புள்ள இருக்கறப்ப பல்லு டாக்டர்கிட்டயெல்லாம் போகக் கூடாதுன்னு நீங்கதானப்பா போன தடவ சொன்னீங்க. பொறக்கட்டும், பாத்துக்கலாம்.”

உன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொன்ன முட்டாள்தனத்தை நீ இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறாய். அதற்கப்புறம், பிரசவத்துக்கு இந்தத் தடவை பெரம்பலூருக்கு வரவில்லை, ஓசூரிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றாய். “சரிம்மா” என்றேன்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்வேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயில் கூட்டம், செட்டிகுளத்திலிருந்து வெங்காய மூட்டை, அரியலூர் காலேஜ் பிள்ளைகள் என்று ஒரு பஸ்ஸுக்குள் நூறு பேரை அடைத்து, ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கத்தியே தொண்டை தேய்ந்தவன். இப்போது இந்த வீட்டில் உள்ளே போகச் சொல்ல ஆள் இல்லை. ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் ராத்திரிக்கும் மிஞ்சுகிறது. டிவி பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தெரிந்த பையன் யாராவது டூட்டியில் இருந்தால் ஏறி, அரியலூர் வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். அரியலூரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சிமெண்டு லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அது ஊர்ந்து போகும். பக்கத்து சீட்டில் இருப்பவர் எங்கே போறீங்க என்று கேட்டால், பொண்ணைப் பார்க்க என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா போனபோது உனக்குப் பதிமூன்று வயது. காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் இல்லை. உனக்குச் சடை பின்னத் தெரியாத அப்பனிடம் நீ வந்து மாட்டிக்கொண்டாய். காலை முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, டெப்போவில் கெஞ்சிக் கூத்தாடி எட்டு மணி டூட்டி வாங்கினேன். ஆறு மணிக்கு நீயும் நானும் கொல்லைக் குழாயடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல் விளக்குவோம். சின்னவளாக இருந்தபோது சிவப்புப் பல்பொடியை விளக்குகிறேன் என்று தின்றுவிடுவாய், அதனால் பேஸ்ட்டுக்கு மாற்றினது நான். மேல் பல் மேலிருந்து கீழே, கீழ்ப் பல் கீழிருந்து மேலே என்று பிரஷ்ஷைப் பிடித்துக் காட்டினது நான். வாயில் நுரையோடு நீ ஏதாவது சொல்வாய், எனக்குப் புரியாது, புரிந்தது மாதிரி தலையாட்டுவேன். அந்த வருஷம்தான் என்னை ‘நீங்க’ என்று கூப்பிடுவதை விட்டு ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்தாய். அம்மாவைக் கூப்பிட்ட மாதிரி. நான் அதைத் திருத்தவில்லை, எனக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது. நாலு வருஷமாக நீ மறுபடி ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறாய். அதையும் நான் கேட்கவில்லை.

கவின் வயிற்றில் இருந்தபோதும் இப்படித்தான் ஐந்தாம் மாதம் ஆரம்பித்தது. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் உன்னைக் கூட்டி வந்தபோது, முன்பல் ரெண்டுக்கும் நடுவில் ஈறு சிவந்து, மிளகளவு சதை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிக் காட்டினாய். தோசை கடித்தாலே ரத்தம் வருகிறது, பல் டாக்டரிடம் கூட்டிப்போ என்றாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி, நடந்தே போகலாம். நான்தான் வேண்டாம் என்றேன். ஊசி போடுவார்கள், எக்ஸ்ரே என்பார்கள், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயம். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்கிற மாதிரி சொன்னேன். இது என் முதல் தப்பு. இது உனக்குத் தெரியும்.

ரெண்டாவது தப்பு உனக்குத் தெரியாது.

குழந்தை பிறந்ததும் உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று செந்துறையிலிருந்து அத்தையைக் கூட்டி வந்தேன். என் அக்காவைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், முந்திரிக் காட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு, சொன்ன அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உனக்கு வெந்நீர் ஊற்றினது, பூண்டுக் குழம்பு வைத்தது, குழந்தையைக் காலை மாலை குளிப்பாட்டினது எல்லாம் அவள்தான். அவளுடைய பத்தியத்தில் ஒரு சட்டம், பிள்ளை பெற்றவள் முப்பது நாள் பிரஷ்ஷைத் தொடக் கூடாது, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும். அவளுக்கு அவள் மாமியார் போட்ட சட்டம் அது. அவள் நாலு பெற்றவள், நாற்பது வயதில் பாதிப் பல் போனவள். ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீ படித்த பெண், கேட்கவில்லை. விடிவதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய்த் திருட்டுத்தனமாக விளக்கிக்கொண்டு வந்தாய். எட்டாவது நாள் அக்கா பார்த்துவிட்டாள். உன்னை ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

“பச்ச ஒடம்புடா தம்பி. பல்லு வேரெல்லாம் எளகிக் கெடக்கும். சில்லு தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும். பொண்டாட்டிய காய்ச்சலுக்குக் குடுத்துட்டு நிக்கிற, இவளையும் குடுக்கப் போறியா?”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மத்தியானம் நீ குழந்தையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய்க் கண்ணாடிக்குக் கீழே டம்ளரில் இருந்த உன் பச்சை நிற பிரஷ்ஷை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். கடைசியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என் கண்டக்டர் பைக்குள் போட்டு, வாரை மாட்டினேன். நான் ரிட்டயர் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பையை இந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரஷ்ஷை எடுத்தது அத்தை இல்லை பாப்பா. நான்.

மறுநாள் காலையில் நீ தேடினாய். யார் எடுத்தது என்று சத்தம் போட்டாய். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, உன்னைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் மாங்காய் திருடிவிட்டு வந்தாலும் அவளுக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். “நான்தான் எடுத்துத் தூரப் போட்டேன். முப்பது நாளு கழிச்சி வெளக்கிக்க” என்றாள். நீ அவளைத் திட்டினாய். நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அப்புறம் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடையில் ஒரு பிரஷ் வாங்கி வரச் சொன்னாய். சரி என்றேன். சாயங்காலம் கேட்டாய், மறந்துவிட்டேன் என்றேன். மறுநாளும் மறந்தேன், அதற்கு மறுநாளும் மறந்தேன். நூறு பேர் முகத்தையும் அவரவர் இறங்குகிற ஊரையும் ஞாபகம் வைத்திருந்தவனுக்கு ஒரு பிரஷ் மூன்று நாள் மறந்துபோனதாம், நீயும் நம்பினாய். ராத்திரி பூராவும் குழந்தை அழுகை, தூக்கம் கிடையாது, பால் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து போயிருந்தாய். நாலாம் நாள் நீ கேட்பதை விட்டுவிட்டாய். காலையும் மாலையும் கருப்பட்டிப் பாகில் கிண்டின பிரசவ லேகியம் மட்டும் ஒரு வேளை தவறாமல் உன் வாய்க்குப் போனது. அது பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டே கிடந்திருக்கிறது. தலையணை உறையில் ரத்தக் கறையைப் பார்த்தேன். பொம்பளைங்க விஷயம் என்று அதையும் பேசாமல் விட்டேன்.

கவினுக்கு ஐந்து மாதம் ஆனபோது ஓசூரில் உன் முன்பல்லை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை போனில் சொன்னார். அந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அத்தையும் வந்தாள். குழந்தையைப் பார்க்கத்தான் வந்தாள், ஆசையாக வெள்ளி அரைஞாண் வாங்கி வந்திருந்தாள். நீ வாங்கிக்கொள்ளவில்லை. “எம் பல்லு போனது உங்களாலதான் அத்தை. இனிமே எங்க வூட்டுக்கு வராதீங்க” என்றாய். அவள் அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே நின்ற என் கையைப் பிடித்தாள்.

“நீ சொல்லிப்புடாத தம்பி. அவளுக்கு ஆத்தாளும் இல்ல. அப்பன்னு நீ ஒருத்தன்தான் மிச்சம். எம்மேல கோவமா இருந்துட்டுப் போவட்டும், எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு.”

அந்தச் சலுகையை நான் வாங்கிக்கொண்டேன். கொடுக்கிறவள் கொடுத்தாள், நான் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். நாலு வருஷமாக அக்கா இந்த வாசலை மிதிக்கவில்லை. நீ அவள் பெயரைச் சொல்லவில்லை. உன்னை இழந்துவிடக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நீ இந்த வீட்டுக்கு வருவதும் குறைந்துகொண்டே வந்துவிட்டது. கண்டக்டர் பை அதே ஆணியில்தான் தொங்குகிறது. வாரை அவிழ்க்கவில்லை.

நீ போனில் சொன்ன மறுநாள், திங்கட்கிழமை காலையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நாம் நடந்து போயிருக்க வேண்டிய அதே இடம். உள்ளே உன் வயதுப் பெண் ஒருத்தி டாக்டராக உட்கார்ந்திருந்தாள். என்ன பிரச்சனை என்று கேட்டாள். எனக்கு இல்லம்மா, என் பொண்ணுக்கு என்றேன். பொண்ணு எங்கே என்றாள். ஓசூரில் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வந்தது வந்துவிட்டீர்கள், முதலில் உங்கள் வாயைத் திறங்கள் என்றாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை உள்ளே போகச் சொன்னவனை, ‘இன்னும் பெருசா, இன்னும் பெருசா’ என்று அதட்டினாள். வெற்றிலை போட்ட வாய், பார்த்துவிட்டு நன்றாகத் திட்டினாள். திட்ட ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சுத்தம் செய்து முடித்த பிறகு உன் கதை முழுவதையும் சொன்னேன். பிரஷ் கதையையும் சொன்னேன். வெளியில் நாலு பேர் காத்திருந்தார்கள், ஆனாலும் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். லேகியம் என்று நான் சொன்னபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை, கையில் இருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. என் சொந்தச் சரக்கை நீ ஒரு தடவை நம்பினது போதும். ரத்தம் வருகிறது என்பதற்காக விளக்குவதை நிறுத்தவே கூடாதாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் ஊறுகிற சுரப்புகளால் ஈறு லேசில் வீங்கிக்கொள்ளும், பல்லோரம் கொஞ்சம் அழுக்கு படிந்தாலே ரத்தம் விடும். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டால் அழுக்கு இன்னும் சேரும், வீக்கம் இன்னும் ஏறும். நீ இப்போது செய்வது அதைத்தான். மெத்தென்ற நார் உள்ள பிரஷ் வாங்கிக்கொள். காலையிலும், படுக்கப் போகும் முன்னாலும் ரெண்டு வேளை, அழுத்தாமல் ஈறு ஓரம் வரைக்கும் போக வேண்டும். உனக்கு மசக்கை வாந்தி இன்னும் நிற்கவில்லை என்றாயே, வாந்தி எடுத்த கையோடு விளக்காதே. அந்தப் புளிப்பில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்குமாம். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அரை மணியோ ஒரு மணியோ கழித்து விளக்கு.

அடுத்தது முக்கியம். பல் டாக்டரிடம் தாராளமாகப் போகலாம். நாலு, ஐந்து, ஆறாம் மாதம் சாய்ந்து படுக்கவும் வசதி, நீ சரியாக அதில்தான் இருக்கிறாய். போனவுடனே எத்தனை மாதம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று சொல்லிவிடு, அதற்குத் தகுந்தபடி பார்ப்பார்கள். சுத்தம் செய்வதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மரத்துப்போகிற ஊசி தேவைப்பட்டாலும் ஒத்துக்கொள்கிற மருந்து இருக்கிறது. எக்ஸ்ரே அவசியம் என்றால் வயிற்றை மூடிக்கொண்டு எடுப்பார்கள். வலியோ வீக்கமோ வந்தால் எந்த மாதமாக இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. ஈறு நோய் முற்றினால் குறைமாதத்தில் பிள்ளை பிறப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம், அது திட்டமாகத் தெரியாது, பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம் என்றாள். போன தடவை வந்த மாதிரி சதை துருத்தினாலும் பயப்படாதே, பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் அமுங்கிவிடும், ஆனால் டாக்டர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு முப்பது நாள் கணக்கெல்லாம் கிடையாது. எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கே விளக்கலாம். குளிராக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொள், அத்தையின் வெந்நீரில் தப்பில்லை. லேகியம் தின்ன ஆசையாக இருந்தால் தின்றுவிட்டு வாயைக் கொப்பளி. பால் கொடுக்கிற நாட்களில் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பல் விளக்காமல் படுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், மாப்பிள்ளையிடம் சொல்லி வை. ரெண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஒரு தடவை போய்க் காட்டு. நீ வாயில் வைத்த ஸ்பூனைக் குழந்தை வாயில் வைக்காதே, உன் பல்லில் இருக்கிற கிருமி அதற்கும் தொற்றிக்கொள்ளுமாம்.

கடைசியாக அந்த டாக்டர் பெண்ணிடம், அந்த முப்பது நாளில்தான் என் மகளுக்குப் பல் போனதா என்று கேட்டேன். ஒரு மாதத்தில் பல் போகாது, ஈறுக்கு அடியில் முன்பே நோய் இருந்திருக்கும், வயிற்றில் பிள்ளை இருந்தபோதே காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம், அப்புறம் விளக்காமல் விட்டது அதை இன்னும் கெடுத்திருக்கும் என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் எப்படிப் பார்த்தாலும் ரெண்டு இடத்திலும் நான்தான் நிற்கிறேன். ஏழாம் மாதம் வேண்டாம் என்று சொன்னவனும் நான், எட்டாம் நாள் பிரஷ்ஷை எடுத்தவனும் நான். அத்தை ஒரு இடத்தில்கூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அரியலூர் பஸ் ஏறி, அங்கிருந்து செந்துறை போனேன். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு வேலையாகப் போனேன். அக்காவுக்கு இப்போது மேல்வரிசையில் பல்லே இல்லை. சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு மறுபடி ரத்தம் வருகிறது, நீ அந்தப் பக்கம் விளக்குவதை விட்டுவிட்டாய், டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறாய் என்று சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டாள்.

“சொல்லிரு தம்பி. அப்ப தெரியாமப் பண்ணுனோம், அவ பட்டா. இப்பத் தெரிஞ்சும் நீ வாய மூடிக்கிட்டு இருந்து இன்னொரு பல்லு போச்சுன்னா, அத நான் ஏத்துக்க மாட்டேன்.” தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “பையன் என்னா ஒசரம் இருக்கான்?” என்று கேட்டாள். என் இடுப்பு உயரத்தைக் காட்டினேன். அரைஞாண் இனிமேல் பத்தாது என்றாள்.

இப்போது அந்தப் பையை ஆணியிலிருந்து இறக்கி, வாரை அவிழ்த்து, பிரஷ்ஷை எடுத்து இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நார் ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது, நீ எப்போதுமே ஒரு பக்கம் அழுத்தித்தான் விளக்குவாய். இதை உனக்கு அனுப்பி என்ன ஆகப் போகிறது. அழுக்கு பிடித்த பழைய பிரஷ். எழுதி முடித்ததும் குப்பையில் போட்டுவிடுவேன்.

நீ இங்கே பிரசவத்துக்கு வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கவில்லை. நான் கேட்பது ரெண்டுதான். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் லீவு போட்டாவது பல் டாக்டரிடம் போ. அப்புறம், கோபம் ஆறினாலும் ஆறாவிட்டாலும், செந்துறைக்கு ஒரு போன் போட்டு ‘அத்தை’ என்று மட்டும் சொல். அதற்கு மேல் நீ பேச வேண்டியதில்லை, மிச்சத்தை அவள் பேசிக்கொள்வாள்.

இதை நாளைக் காலையில் தபாலில் சேர்க்கிறேன், சனிக்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எப்போதும்போல் சட்டை மாட்டிக்கொண்டு, போனைச் சார்ஜ் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அடிக்கவில்லை என்றால் நீ இதைப் படித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். நானாகக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். டாக்டரிடம் போய் வந்தாயா என்பதை மட்டும் மாப்பிள்ளையை விட்டு ஒரு வரி அனுப்பச் சொல்.

இப்படிக்கு,
உன் பிரஷ்ஷை எடுத்த அப்பா